பிள்ளைகளின் இணையம் உங்கள் போனில்தான் இருக்கிறது

மகன் ஐந்தாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருவதால் போனைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை, கொடுத்தால் யூடியூபும் கேமும்தான் ஓடுகிறது, இவர்களுக்கு இணையத்தைப் பாதுகாப்பாகவும் பொறுப்பாகவும் பயன்படுத்த எப்படிப் பழக்குவது, எந்த ஆப் போட்டால் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். ஆறாம் வகுப்புக்குப் போகும்போது தனக்கென்று ஒரு போன் வேண்டும் என மகன் இப்போதே கேட்கிறான் என்பதையும் சேர்த்திருந்தீர்கள். தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவன் நான். பெற்றோர் கூட்டம் முடிந்ததும் "சார், இந்தப் போனைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று நீட்டப்படும் போன்களைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

இந்த விஷயத்தில் படிக்கக் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி நம் வீட்டுக்குப் பொருந்தாது. அவை பிள்ளையிடம் தனியாக ஒரு டேப்லெட் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. இங்கே நிலைமை வேறு. வேலைவிட்டு வந்த அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்து வைக்கும் போன், அல்லது அம்மா சமையல் செய்யும்போது அலமாரியில் இருக்கும் போன், அதுதான் பிள்ளையின் கைக்குப் போகிறது. அதற்குள் வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆபீஸ் குரூப் இருக்கிறது, உறவுக்காரர்கள் அனுப்பும் கண்ட கண்ட வீடியோக்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட முக்கியம், அந்தப் போனைத் திறக்கும் எட்டு வயதுப் பிள்ளையை யூடியூபும் கூகுளும் பிளே ஸ்டோரும் நாற்பது வயது ஆளாகவே நினைக்கின்றன, ஏனென்றால் உள்ளே இருப்பது உங்கள் கணக்கு. ஆகவே பிள்ளை என்ன பார்க்கிறது என்று கேட்பதற்கு முன்னால், பிள்ளை யாருடைய பெயரில் உள்ளே போகிறது என்று பாருங்கள்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் பெற்றோர் முதலில் அலறிக்கொண்டு வரும் இடம். உங்கள் யுபிஐ பின் உங்கள் மகனுக்குத் தெரியுமா என்று கேட்டால் பெரும்பாலானோர் "சேச்சே, தெரியாது சார்" என்பார்கள். மளிகைக் கடையில் பக்கத்தில் நின்றுகொண்டு, தினமும் நான்கு முறை நீங்கள் அந்த எண்களைத் தட்டுவதைப் பார்க்கிற பையனுக்குத் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒன்பதாம் வாய்ப்பாடு மறக்கும், இது மறக்காது. பின்னை மாற்றுங்கள், பிறந்த வருடம், வண்டி நம்பர் எல்லாம் வேண்டாம். அடுத்து, யுபிஐ லைட் போட்டு வைத்திருந்தால் அதில் சின்னத் தொகைகளுக்குப் பின் எண்ணே கேட்காது. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை போகலாம், மொத்தம் 5,000 வரை அதில் கிடக்கலாம். பிள்ளை எடுத்து விளையாடும் போனில் அது தேவையில்லை. அப்புறம் ஆட்டோபே. "ஒரு ரூபாய்க்குப் பயன்படுத்திப் பாருங்கள்" என்று வரும் கதை ஆப், கார்ட்டூன் ஆப்களில் ஒரே ஒருமுறை பின் போட்டால் போதும், பிறகு மாதா மாதம் அதுவாகவே எடுத்துக்கொள்ளும், பின் கேட்காது. உங்கள் பணப் பரிமாற்ற ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும், இன்றைக்கே திறந்து பாருங்கள், நீங்கள் மறந்துபோன ஒன்றிரண்டு அதில் இருக்க வாய்ப்புண்டு. கடைசியாக, பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்க்கும்படி வைத்துவிடுங்கள். அப்படியும் பிள்ளை எதையாவது வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்பது சுலபம். அதைத் தாண்டினால் அந்த ஆப் செய்தவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

பிறகு வீட்டுப்பாடத்துக்கு வருவோம். டீச்சர் அனுப்பிய போட்டோவைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு முழு போனையும் திறந்து கொடுக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் ஆப் பின்னிங் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டு, வெளியேறும்போது லாக் எண் கேட்கும்படியும் வைத்தால், திறந்திருக்கும் அந்த ஒரு ஆப்பை விட்டு வெளியே வர உங்கள் லாக் எண் தேவைப்படும். ஐபோனில் இதற்கு கைடட் ஆக்சஸ் என்று பெயர். வீட்டுப்பாடப் போட்டோவை கேலரியில் சேமித்து, அதைத் திறந்து, இந்த ஆப் பின்னிங்கைப் போட்டுக் கொடுத்தால் பிள்ளை வாட்ஸ்அப்புக்குள்ளேயே போகத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இன்னும் எளிமையாக, வீட்டுப்பாடத்தை ஒரு பழைய நோட்டில் தன் கையால் எழுதி வைத்துவிடுவார். இரண்டு நிமிட வேலை, எந்த ஆப்பும் அதற்கு ஈடில்லை என்பேன்.

இதோடு கூகுள் ஃபேமிலி லிங்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எந்த ஆப் என்று நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில், இலவசம். வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு போனோ டேப்லெட்டோ சும்மா கிடந்தால், சிம்மை எடுத்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஓடும்படி வைத்து, மகனுடைய உண்மையான பிறந்த தேதியில் ஒரு கணக்கு ஏற்படுத்தி உங்கள் போனோடு இணைத்துவிடலாம். புதிய ஆப் எதுவும் உங்கள் அனுமதி இல்லாமல் ஏறாது, எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதையும் நீங்களே வைக்கலாம். நான் பார்த்தவரை இது, அப்பா போனைப் பூட்டிப் பூட்டிக் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால், ரூட்டரில் டிஎன்எஸ் எண்ணை (தளங்களின் பெயரை வைத்து முகவரியைத் தேடித் தரும் சேவையின் எண் அது) 1.1.1.3 என்று மாற்றச் சொல்லி லைன்காரரிடமே கேளுங்கள்; கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று விட்ட இலவசச் சேவை அது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் வீட்டு வைஃபையில் திறக்கவிடாது. ஆனால் யூடியூபுக்குள் என்ன ஓடுகிறது என்பதை அது பார்க்காது. மொபைல் டேட்டாவுக்கு மாறிவிட்டால் அதுவும் இல்லை.

யூடியூபுக்கு வருகிறேன், உண்மையில் பெரும்பாலான தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையம் என்றாலே யூடியூப்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தட்டச்சு வராது, அதனால் மைக்கை அழுத்திப் பேசும். மழலையில் அது சொல்வதை மென்பொருள் வேறு எதையோ கேட்டு வைக்கும். பாப்பா பாட்டு என்று கேட்ட குழந்தைக்கு சினிமா குத்துப்பாட்டு வருவதை என் கண்முன்னாலேயே பார்த்திருக்கிறேன், அந்தக் குழந்தை அசராமல் அதையும் பார்த்தது. பிறகு அடுத்தது தானாக ஓடும், அதற்கடுத்தது தானாக ஓடும், நாலாவது வீடியோவில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2017-இல் எல்சாகேட் என்று ஒரு விவகாரம் வெடித்தது. எல்சா, ஸ்பைடர்மேன், பெப்பா பன்றி மாதிரியான, குழந்தைகளுக்குத் தெரிந்த உருவங்களை வைத்து வன்முறையும் அருவருப்பும் கலந்த வீடியோக்களைக் குவித்திருந்தார்கள், அட்டைப்படத்தைப் பார்த்தால் கார்ட்டூன் என்றே தோன்றும். யூடியூப் அதன்பிறகு நிறைய நீக்கியது, விதிகளையும் மாற்றியது. ஆனாலும் அட்டைப்படத்தை நம்பிக் கொடுக்கக்கூடாது என்ற பாடம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதற்காக 2019-இல் அமெரிக்காவில் கூகுளும் யூடியூபும் சேர்ந்து 17 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. அதன் விளைவாக 2020 முதல், குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் கமெண்ட் பகுதி இருக்காது, பார்ப்பவரைப் பின்தொடரும் விளம்பரமும் வராது. ஆகவே ஒரு கார்ட்டூன் வீடியோவுக்குக் கீழே கமெண்ட் பகுதி திறந்திருந்தால், அதைப் போட்டவர் அதைக் குழந்தைகளுக்கானது என்று குறிக்கவில்லை, யூடியூபும் அப்படி வகைப்படுத்தவில்லை. அது மட்டமான வீடியோ என்று உடனே சொல்லிவிட முடியாது, ஆனால் நீங்கள் பிள்ளையோடு இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வீடியோ.

மகளுக்கு யூடியூப் கிட்ஸ் போதும். ஆனால் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அதன் அமைப்புகளுக்குள் போக, பெரியவர்தானா என்று பார்க்க அது ஒரு பெருக்கல் கணக்குக் கேட்கும்! வாய்ப்பாடு படிக்கிற பையன் அதைப் போட்டுவிட்டு உள்ளே போய், தங்கைக்குச் சேர்த்து எல்லாவற்றையும் திறந்துவிடுவான். (இதற்காகவே ஏழாம், எட்டாம் வாய்ப்பாட்டை ஆர்வமாகப் படித்த ஒரு பையன் எங்கள் பள்ளியில் உண்டு, அவனைத் திட்டவா பாராட்டவா என்று தெரியவில்லை.) அங்கே கணக்குக்குப் பதிலாக உங்கள் சொந்த எண்ணை வைக்கலாம், முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு தேடும் வசதியை அணைத்துவிடுங்கள். நேரம் இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் தெரியும்படியான அமைப்பும் இருக்கிறது, அதுதான் ஆறேழு வயதுக்கு மிகச் சரி. தமிழில் நல்லதாகத் தேடி எடுப்பது கொஞ்சம் மெனக்கெடும் வேலைதான். பொம்மை செய்வதில் ஆர்வம் இருந்தால் அரவிந்த் குப்தாவின் வீடியோக்களைத் தேடுங்கள், தூக்கிப்போடும் பொருட்களில் அறிவியல் பொம்மை செய்து காட்டுவார், தமிழில் பேசும் வீடியோக்களும் உண்டு. கதை வாசிக்க பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மகனுக்கு யூடியூப் கிட்ஸ் இனி பிடிக்காது, "அது பாப்பாவுக்கு" என்பான். அவனுக்கு உங்கள் மேற்பார்வையில் ஓடும் யூடியூப் கணக்கை எக்ஸ்ப்ளோர் என்ற அளவில் வைக்கலாம், ஒன்பது வயதிலிருந்து அது சரியாக இருக்கும்.

இன்னொன்று, டிவியில் யூடியூப் வந்தால் போனைவிட டிவியே மேல். நிறைய பேர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். ஹாலில் பெரிய திரையில் ஓடினால் பாட்டி காதிலாவது விழும், சேனல் மாறியதும் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். போர்வைக்குள் ஓடுகிற ஆறு அங்குலத் திரைக்கு யார் காவல்? எவ்வளவு நேரம் என்றால், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டலில் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும், ஐந்திலிருந்து பத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நடைமுறையில் நான் மணியைவிட இடத்தைத்தான் பார்ப்பேன்: சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் படுக்கையிலும் போன் இல்லை என்று ஆகிவிட்டாலே பாதி நேரம் குறைந்துவிடும். இந்தச் சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

13 வயது விஷயம். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாம் 13 என்கின்றன, பிள்ளைகள் வருடத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போகின்றன, பல வீடுகளில் அண்ணனோ மாமாவோ தான் மாற்றிப் போட்டுக் கொடுப்பது. 13 என்பது ஏதோ அந்த வயதில் பக்குவம் வந்துவிடும் என்று டாக்டர்கள் சொன்ன கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1998-இல் அமெரிக்கா கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி 13-க்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் தகவல் வாங்கப் பெற்றோர் அனுமதி வேண்டும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று கம்பெனிகள் 13 என்று கோடு போட்டுக்கொண்டன. நம் நாட்டில் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்றே கொள்கிறது, பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட அனுமதி வேண்டும், பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை, ஏன் அதற்குப் பிறகும்கூட, காவல் நீங்கள்தான்.

வயதைப் பொய்யாகப் போடுவதில் யாரும் யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. எட்டு வயதில் 13 என்று சொல்லி கணக்குத் தொடங்கிய பிள்ளைக்கு 13 வயது ஆகும்போது அந்தக் கணக்குக்கு 18 ஆகிவிடும். இன்ஸ்டாகிராம் 2024-இல் பதின்வயதினருக்கென்று கொண்டுவந்த கட்டுப்பாடுகள், முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது என்பது போன்றவை, எல்லாம் சரியாகத் தேவைப்படும் அந்த வயதில் அதற்குக் கிடைக்காமல் போகலாம். உண்மையான தேதியைப் போடுவது இதனால்தான் முக்கியம், நேர்மை பற்றிய பாடம் தனி.

கேம் பக்கம் போவோம். உங்கள் மகன் ஐந்தாம் வகுப்புப் பையன் என்பதால் ஃப்ரீ ஃபயர் பெயர் வீட்டில் அடிபடாமல் இருக்காது. அந்த கேமை 2022 பிப்ரவரியில் அரசு தடைசெய்தது, ஆனால் மேக்ஸ் என்ற பெயரில் அதன் இன்னொரு வடிவம் கிடைத்துக்கொண்டிருந்தது, பையன்கள் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. சுட்டு விளையாடுவதைவிட எனக்குக் கவலை இரண்டு இடத்தில். ஒன்று டைமண்டு, அதாவது கேமுக்குள் செலவழிக்கும் பணம், அதை இலவசமாகத் தருகிறோம் என்று வரும் லிங்கில் கணக்கு விவரத்தைக் கொடுத்து ஏமாறுவது. இன்னொன்று குரல் அரட்டை. ஹெட்போனில் யார் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் இருக்கும் உங்களுக்குக் கேட்காது. ஹெட்போன் இல்லாமல்தான் விளையாட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள், சத்தம் உங்களுக்குத் தொல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நாம் வழக்கமாகச் சொல்லும் "தெரியாதவர்களிடம் பேசாதே" தோற்றுப்போகிறது. நான்காம் வகுப்பில் ஒருமுறை கேட்டேன், கேமில் பழக்கமான ஆள் தெரிந்தவரா தெரியாதவரா என்று. "அவன் என் ஃபிரண்டு சார், தினமும் விளையாடுவோம்" என்றான் ஒருவன். அவன் எந்த ஊர்? தெரியாது. என்ன வயது? "என் வயசுதான், அவனே சொன்னான்." ஒரு வாரம் சேர்ந்து விளையாடினால் அந்த ஆள் பிள்ளையின் கணக்கில் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். அதனால் ஆளை வைத்துச் சொல்லாமல், கேட்கும் விஷயத்தை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். போட்டோ கேட்டாலோ, வேறு ஆப்புக்கு வா என்று கூப்பிட்டாலோ, பரிசு தருகிறேன் என்றாலோ, அம்மா அப்பாவிடம் சொல்லாதே என்றாலோ, கேட்டது யாராக இருந்தாலும், சித்தப்பாவாக இருந்தாலும் சரி, உடனே வந்து சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்த ரகசியம் என்பதைக் கொஞ்சம் விளக்கியே சொல்ல வேண்டியிருக்கும்: அம்மாவின் பிறந்தநாளுக்கு ரகசியமாகப் புடவை வாங்கினால் அந்த ரகசியம் அன்றைக்கே உடைந்துவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். எப்போதுமே சொல்லக்கூடாது என்று ஒருவர் சொல்கிற ரகசியம் வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்கே இந்த வித்தியாசம் சட்டென்று புரிகிறது. பள்ளியில் குட் டச், பேட் டச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதோடு கேமராவையும் சேர்த்துவிடுங்கள்: உடை மாற்றும்போது, குளிக்கும்போது கேமரா கிடையாது, யார் கேட்டாலும்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைப்பது. இத்தனை பூட்டும் போட்ட பிறகும் ஏதாவது ஒன்று உள்ளே வரும். அசிங்கமான ஒரு படம் வரும், யாரோ வீடியோ காலில் வருவார், அத்தை மகன் எதையாவது காட்டுவான். அந்த நேரத்தில் பிள்ளை உங்களிடம் வருமா, போனை அணைத்துவிட்டு எதுவும் நடக்காதது போல உட்காருமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவதைச் செய்கின்றன. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "அடிப்பாங்க", இல்லாவிட்டால் "போனை வாங்கிடுவாங்க". பிள்ளையைப் பொறுத்தவரை, உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை அது. ஒருமுறை நடந்தால் போதும், அடுத்தமுறை வாயைத் திறக்காது. பிள்ளையை மிரட்டுகிற ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும், "உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்பதுதான் அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். அதைப் பிடுங்கிவிட்டால் அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆகவே இப்போதே, எதுவும் நடக்காத நாளிலேயே, பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: போனில் பிடிக்காதது, பயமானது, வெட்கமானது எது வந்தாலும் சொல்லு, நீயே தெரியாமல் அழுத்தியிருந்தாலும் சொல்லு, அடி கிடையாது, அதற்காகப் போனும் பறிபோகாது. சொன்ன பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். மகன் வந்து ஒன்றைக் காட்டும்போது உங்களுக்குள் சுர்ரென்று ஏறும், முகத்தில் காட்டாமல் "நல்லவேளை சொன்னே, வா பார்ப்போம்" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

இதோடு பெரியவர்களுக்கும் ஒன்று. 2019 பிப்ரவரியில் மோமோ சேலஞ்ச் என்று ஒரு பீதி கிளம்பியது நினைவிருக்கலாம்: முட்டைக்கண், விரிந்த வாய், கோழிக்கால் உள்ள ஒரு பொம்மை குழந்தைகளின் வீடியோவுக்கு நடுவில் வந்து தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று. அது ஜப்பானில் 2016-இல் செய்யப்பட்ட ஒரு சிற்பத்தின் படம், அந்தச் சவாலே ஒரு புரளி. பிள்ளைகளிடம் அந்தப் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரும்பாலும் பயந்துபோன பெற்றோரும் பள்ளிகளும் அனுப்பிய எச்சரிக்கைகள்தான். இப்படி ஏதாவது வந்தால் பிள்ளைக்குக் காட்டாதீர்கள், குரூப்பில் தள்ளாதீர்கள்.

உண்மையிலேயே ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் 1930, எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, பணம் கை மாறிப் போவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கும். பிள்ளைக்கு ஆபத்து, மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் 1098, எந்த நேரமும் அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். ஆத்திரத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். அந்த ஆளின் ஐடி, எண், நேரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள், பிளாக் செய்வது அதன்பிறகு. பிள்ளையின் அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்டது என்றால், மச்சானிடம் யோசனை கேட்கிறேன், வகுப்பு டீச்சரிடம் காட்டுகிறேன் என்று அதை யாருக்கும் அனுப்பவே கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவதே குற்றம், நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் அது எங்கே போய் நிற்கும் என்று உங்கள் கையில் இல்லை. போலீசுக்கு உங்கள் போனிலேயே காட்டுங்கள். அப்படிப் படம் எங்காவது பரவும் என்ற பயம் இருந்தால் டேக் இட் டவுன் என்று 2023 முதல் ஒரு இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை, உங்கள் போனிலேயே அதற்கு ஒரு அடையாள எண் உருவாகி அது மட்டும் போகும், சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அதை வைத்துத் தங்கள் தளங்களில் அந்தப் படத்தைத் தேடி நீக்கும்.

பொறுப்பாக என்று கேட்டீர்களே, அதில் பெற்றோர் அதிகம் கவனிக்காதது, நம் பிள்ளையே அடுத்த பிள்ளைக்குத் தொல்லை கொடுக்கலாம் என்பது. ஐந்தாம் வகுப்பில் நடந்தது: ஆண்டு விழா போட்டோவிலிருந்து ஒரு பையனின் முகத்தை மட்டும் வெட்டி, பல் தெரிய அழுதுகொண்டிருந்த முகம் அது, வாட்ஸ்அப் ஸ்டிக்கர் செய்து, அம்மாக்களின் போன்கள் வழியாகவே வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டார்கள். அனுப்பிய போன்கள் அத்தனையும் பெரியவர்களுடையது. அந்தப் பையன் பள்ளிக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். செய்த பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் கிடையாது, அவன் முகத்துக்கு நேராகச் செய்யாததால் அது அவனுக்கு வலிக்கும் என்று தோன்றவே இல்லை. ஒருவரின் படத்தை எடுக்கவும் அனுப்பவும் அவரிடம் கேட்க வேண்டும் என்று நாம் சொன்னால் மட்டும் பிள்ளைக்கு ஏறாது. நீங்கள் மகளின் போட்டோவை ஸ்டேட்டஸில் போடும் முன்னால் "போடட்டுமா?" என்று அவளிடமே கேளுங்கள், வேண்டாம் என்றால் போடாதீர்கள். சீருடையும் அடையாள அட்டையும் தெரியும் போட்டோ அவள் சரி என்றாலும் வேண்டாம், பள்ளியும் வகுப்பும் பெயரும் ஒரே படத்தில் வந்துவிடும்.

அடுத்தது ஏஐ. திருவிழாவைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளை "ஆற்றங்கரையில் திரண்ட பக்தப் பெருமக்கள்" என்று எழுதி வருகிறது, எங்கள் ஊரில் ஆறே கிடையாது. அம்மா போனில் மைக்கை அழுத்திக் கேட்டு, வந்ததை அப்படியே எழுதியிருக்கிறது. சாட்ஜிபிடிக்கும் வயது வரம்பு 13-தான், ஆனால் வாட்ஸ்அப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ உட்கார்ந்திருக்கும்போது யார் தடுப்பது. கேட்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். முதலில் தானாக நாலு வரி எழுதட்டும், பிறகு நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள், அது சொன்னதில் எது தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி அங்கே என்ன விசேஷம் என்று கேட்டால் போதும், அது தைரியமாக அடித்துவிடுவதைப் பார்த்து மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். "கூகுள்ல போட்டிருக்கு" என்பதை ஆதாரமாகச் சொல்கிற பழக்கமும் இந்த வயதிலேயே ஆட்டம் கண்டுவிடும்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப் பற்றி உங்கள் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அட்மின் மட்டும் செய்தி போடும்படி வைத்தால் காலை வணக்கமும் கண்ட லிங்கும் வராது, பிள்ளை வீட்டுப்பாடம் தேடும்போது வேறெதுவும் கண்ணில் படாது. உங்கள் வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு ஒலிக்காதபடி ஒரு அமைப்பு இருக்கிறது, யார் உங்களைக் குரூப்பில் சேர்க்கலாம் என்பதற்கும் இருக்கிறது. பிள்ளை எடுக்கும் போனில் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

மகன் கேட்கும் தனிப் போன். ஆறாம் வகுப்புக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பஸ்ஸில் போய் வர, டியூஷன் முடிந்ததும் அழைக்க என்றால் பட்டன் போன் போதும், கிண்டல் செய்வார்கள் என்று அழுவான், ஒரு மாதத்தில் அடங்கும். எல்லோரிடமும் இருக்கிறது என்பான், அவன் சொல்லும் நாலு பேரின் பெற்றோரிடம் நீங்களே பேசிப் பாருங்கள், அங்கேயும் உங்கள் மகன் பெயரைச் சொல்லித்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நாலு வீடும் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை இல்லை என்று முடிவெடுத்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. அதுவரை நான் மேலே சொன்ன சிம் இல்லாத பழைய போன், ஹாலில், ஃபேமிலி லிங்க்கோடு. அதை ரகசியமாக எடுத்து நோண்டாதீர்கள், வாரத்தில் ஒருநாள் நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லி அவன் பக்கத்தில் இருக்கும்போதே பாருங்கள், என்ன கேம் ஏற்றியிருக்கிறான் என்று அவனையே காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு ஆட்டம் நீங்களும் ஆடுங்கள், நிச்சயம் தோற்பீர்கள், ஆனால் அந்த கேமில் அரட்டைப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், அப்போதே அதை அணைத்தும் விடலாம்.